கிட்னிக்குள்ள ஒரு குமிழி டார்ச்!

எஸ்.எஃப்.6. ஈ.இ.இ. பசங்களை நடுராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. சப்-ஸ்டேஷன் சர்க்யூட் பிரேக்கருக்குள்ள தீப்பொறியை அணைக்கிற வாயு. அதே வாயுவைக் குட்டிக் குட்டிக் குமிழிகளாக்கி மனுஷனோட கிட்னிக்குள்ள விடறாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? நானும் முதல்ல நம்பலை. நம்ப வெச்சது எங்க மாமாவோட கிட்னி!

மாமாவுக்கு ஓசூர் சிப்காட்ல, ஃபர்னஸ் பக்கத்துல வேலை. எட்டு மணி நேர ஷிஃப்ட். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா மெஷின் நிக்கும். அதனால குடிக்கவே மாட்டார். இது அவர் ஒருத்தர் கதை இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வே, வெக்கையில வேலை பார்க்கிறவங்களுக்குச் சிறுநீரகக் கல் அபாயம் அதிகம்னு சொல்லுது.

மாமாவுக்கு வந்த கல், கிட்னியில இருந்து இறங்குற குழாய்ல வந்து அடைச்சிடுச்சு. மேல தேங்கின சிறுநீர்ல கிருமி. குளிர் ஜுரம், பல் கிட்டிப்போற நடுக்கம். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கன்னடத்துல கேட்க, மாமா தமிழ்ல முனக, நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொன்னதுல ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு புரிஞ்சுது: “கல்லை அப்புறம் பார்க்கலாம். முதல்ல தேங்கினதை வெளியே எடுக்கணும். லேட் ஆனா கிருமி ரத்தத்துல ஏறிடும், உயிருக்கே ஆபத்து.”

அதுக்குப் பேர் நெஃப்ராஸ்டமி. முதுகுப் பக்கமா ஊசி குத்தி, அது வழியா மெல்லிசான கம்பி, கம்பி மேல ஒரு குழாய், வெளியே ஒரு பை. 1955-ல் அமெரிக்காவில் குட்வின் குழுவினர் எழுதி வெச்ச முறை. இப்போ ஸ்கேன் பார்த்துக்கிட்டே குத்துறாங்க.

சரி, குத்தியாச்சு. ஊசி முனை சரியான இடத்துலதான் இருக்கா? இதுதான் மில்லியன் டாலர் கேள்வி. வழக்கமா அயோடின் சாயம் செலுத்தி எக்ஸ்-ரேயில பார்ப்பாங்க. மாமாவையும் அந்த நடுக்கத்தோடயே ஸ்ட்ரெச்சர்ல எக்ஸ்-ரே ரூமுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. நல்லபடியா முடிஞ்சுது. ஆனா ஐ.சி.யூ.வில் நகர்த்தவே முடியாத நோயாளின்னா? கர்ப்பிணின்னா?

இங்கதான் நம்ம குமிழி என்ட்ரி! உள்ளே எஸ்.எஃப்.6, வெளியே கொழுப்பால ஒரு மெல்லிய தோல். சராசரி விட்டம் 2.5 மைக்ரான். ரத்த சிவப்பணுவே சுமார் 7 மைக்ரான்னா பார்த்துக்கோங்க. இதுல சில சொட்டுகளை உப்புத் தண்ணியில கலந்து ஊசி வழியா விட்டா, ஸ்கேன் திரையில் கிட்னியோட உள்ளறை மட்டும் தீபாவளி மாதிரி ஜொலிக்கும். முனை இடம் மாறியிருந்தா வெளிச்சம் வெளியே பரவிக் காட்டிக்கொடுத்திடும். அடைப்பு இல்லைன்னா, வெளிச்சம் குழாய் வழியா மூத்திரப்பை வரைக்கும் இறங்குறதையும் பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. கட்டில் பக்கத்துலயே வேலை முடியும்.

குமிழி மட்டும் எப்படி ஜொலிக்குது? நாம செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறக்கிற மேட்டர்தான் பாஸ்! மெஷின் முதல்ல ஒரு ஒலித்துடிப்பு அனுப்பும். அடுத்து அதையே தலைகீழா அனுப்பும். ரெண்டு எதிரொலியையும் கூட்டும். சதை நேர்மையான ஆள், கொடுத்ததை அப்படியே திருப்பும். பிளஸ் 1, மைனஸ் 1, கூட்டினா பூஜ்யம். திரையில் இருட்டு. குமிழி அப்படி இல்லை. சுருங்க அடம் பிடிக்கும், விரியச் சொன்னா குஷியா விரியும். அதனால அதோட எதிரொலியில ஒரு ‘ஸ்கொயர்’ சமாசாரம் கலந்திடும். மைனஸ் 1-ஐ ஸ்கொயர் பண்ணாலும் பிளஸ் 1 தானே? கூட்டினா 2. திரையில் வெளிச்சம்! லேப்ல நாம ‘டிஸ்டார்ஷன்’னு திட்டுற அதே நான்-லீனியர், இங்கே வழிகாட்டி. பவரைக் கூட்டினா குமிழி உடைஞ்சிடும். அதனால ரொம்ப மென்மையான ஒலிதான்.

குமிழி எதிரொலிக்கும்கிறது 1968-லேயே தெரிஞ்சுது. அமெரிக்காவில் கிராமியாக், பிரவீண் ஷா ரெண்டு பேரும் இதய ஸ்கேன்ல கவனிச்சாங்க. எஸ்.எஃப்.6 குமிழி மருந்து 2001-ல் ஐரோப்பாவில் அனுமதி வாங்கியது.

உடனே ‘எக்ஸ்-ரே அவுட்’னு விசிலடிக்காதீங்க. வீங்கின கிட்னியைக் குத்தச் சாதாரண ஸ்கேனே பெரும்பாலும் போதும். குமிழி பார்க்க அதுக்கான வசதியுள்ள மெஷின் வேணும், பழகின கை வேணும், மருந்துக்கும் காசு வேணும். பருமனான உடம்புல ஸ்கேன் படமே மங்கும். இன்னொண்ணு, ஸ்கேன் மெஷினைப் பையில போட்டுக்கிட்டு வீடு வீடா போக முடியாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருஷச் சட்டப்படி, அதைப் பதிவு பண்ணின இடத்துலதான் வெச்சிருக்கணும். அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பார்த்த நம்ம பழைய தர்மபுரி மாவட்டத்துக்குச் சொல்லித் தரணுமா என்ன?

2022-ல் கிருஷ்ணகிரிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. இந்தப் பக்கம் நம்ம இன்ஜினீயரிங் காலேஜ்கள். ரெண்டுக்கும் நடுவுல ஒரு டவுன் பஸ் தூரம்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு யாரோ செஞ்ச லைன் ஃபாலோயர் ரோபோவைக் காசு கொடுத்து வாங்குறதுக்குப் பதிலா, ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட்டோட டீ குடிச்சுப் பாருங்க. ‘உங்க ஸ்கேன்ல எது தெரிய மாட்டேங்குது?’ன்னு கேளுங்க. அந்தப் பதில்ல நாலு புராஜெக்ட் இருக்கும்.

அப்புறம், ஷிஃப்ட்டுக்குப் போற அப்பா, அண்ணன், அக்கா கையில ஒரு தண்ணி பாட்டிலைத் திணிங்க. குமிழி, ஊசி, குழாய் எதுவுமே தேவைப்படாம இருக்க, அதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் டெக்னாலஜி!