விரல் நுனி

அம்மாவுக்கு முடி கொட்டியபோது ஊரே வந்து துக்கம் கேட்டது. விரல் மரத்துப்போனதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தோவாளையில் பூ கட்டுகிற கை அது. பிச்சியை வாழைநாரில் கட்டும்போது கண் டி.வி.யில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபின் 21 நாளுக்கு ஒருதடவை திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு ரயிலேறினோம். பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்து, மொத்தம் 6 தவணை.

முதல் தவணையிலேயே பிச்சி வாசம் குமட்டியது. பூக்கூடை திண்ணைக்குப் போனது. வாயெல்லாம் இரும்பு ருசி என்றாள். ஸ்டீல் தட்டை மாற்றிப் பீங்கானில் கஞ்சியும் பயறும் ஆறவைத்துக் கொடுத்தேன். ஆவி அடிக்காவிட்டால் இறங்கியது. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடாவும் கலந்த தண்ணீர். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். விரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாலாவது தவணைக்குப் பிறகு ஒருநாள், கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, சுடல்லியா?"

"தெரியல்ல மக்களே."

அப்புறம்தான் யோசித்தேன். ஜாக்கெட் ஊக்கை அக்காதான் மாட்டிவிடுகிறாள். செருப்பு கழன்றது தெரியாமல் முற்றம்வரை நடந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மருந்தக் கொறச்சிருவாவ. பொறவு சவம் திரும்பி வந்தா? கை போனா போட்டும்."

அடுத்தமுறை நானே டாக்டரிடம் சொன்னேன். "நேரத்தே பறயண்டே, அம்மே?" என்றார் அவர். செல்கள் பெருகாமல் தடுக்கும் பாக்லிடாக்சல் நரம்பையும் தொடும். நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் கால்விரலிலும் கைவிரலிலும் தொடங்கும். முன்கூட்டித் தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், சிகிச்சை தொடரும். அம்மா பயந்தது இந்தக் கடைசி வார்த்தை தெரியாமல்தான். மீதி 2 தவணையும் குறைந்த அளவில் ஏறின.

உங்கள் வீட்டில் யாராவது கீமோவில் இருந்தால், சாப்பிட்டாயா என்பதோடு பொத்தான் போட முடிகிறதா என்றும் கேளுங்கள்.

முடிந்து 8 மாதம் ஆகிறது. கால்விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. குளிக்கும் வெந்நீரில் நான் கைவிட்டுப் பார்த்தபிறகுதான் அவள் ஊற்றிக்கொள்கிறாள். பூக்கூடை உள்ளே வந்துவிட்டது. இப்போது டி.வி.யைப் பார்ப்பதில்லை, பூவைப் பார்த்தே கட்டுகிறாள். கட்டு கொஞ்சம் தளர்வுதான்.

நேற்று ஜாக்கெட் ஊக்கு விரலில் குத்திவிட்டது. அடுக்களைவரை கேட்கும்படி கூப்பிட்டாள்:

"மக்களே, வலிக்கு கேட்டியா!"