கணபதி கரைந்த பிறகு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை அப்பா வேதவாக்காகச் சொல்லுவார். மும்பை செம்பூரில் என் பால்கனியில் போன வருடம் ஆடி பிறந்ததும் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் விதைத்தேன். மூன்றும் முளைத்தன. அரை விரல் உயரம் வந்ததும் அடித்தண்டு கறுத்து, ஒரே ராத்திரியில் அத்தனையும் சாய்ந்து படுத்துவிட்டன. நாற்றழுகல். நீர் வடியாத மண்ணில் பித்தியம் என்ற நுண்ணுயிருக்குக் கொண்டாட்டம். தளிர்த் தண்டை மண்ணோடு ஒட்டிய இடத்தில் அரித்துவிடும்.

தாராவியில் ஓர் ஆச்சி கூரைமேல் தோட்டம் போட்டிருப்பதாகச் சொன்னது எங்கள் சித்தி. கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள் போனேன். 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து, குடையை விரிக்க முடியாத அகலம். வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்து ஏற ஒரு நைலான் கயிறு. எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் ஏறிவிட்டார். நெல்லைப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். இங்கே பாதித் தமிழர் கதை அதுதான்.

மேலே நீல டிரம்கள், பெயின்ட் டப்பாக்கள், எல்லாம் தாராவியின் மறுசுழற்சிப் பேட்டையான 13 கம்பவுண்டில் கழுவி, பாதியாக வெட்டி விற்பவை. பக்கத்திலேயே கும்பார்வாடா, 1930களில் வந்து குடியேறிய சௌராஷ்டிரக் குயவர்களின் சூளைகள் புகைவது அங்கிருந்தே தெரிகிறது. மண்தொட்டி வாங்கலாமே என்றேன்.

"நல்ல சாமான்தான்யா. கூரை தாங்கணும்லா?"

ஒவ்வொரு டப்பாவிலும் அடியில் நாலு துளை, பக்கவாட்டில் இரண்டு. அடி அடைத்துக்கொண்டாலும் பக்கம் வழியாக வடியும். அடியில் கரும்புச்சாறுக் கடையில் வாங்கிக் காயவைத்த சக்கை, மேலே செம்மண்ணும் தொழுவுரமும். பாந்த்ராவில் டாக்டர் ஆர்.டி. தோஷி இதே சக்கையைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து மாடியில் காய்கறி விளைவித்துக் காட்டியவர். அவர் வழியைப் பார்த்துத்தான் மும்பைத் துறைமுகக் கழகத்தின் சமையற்கூட மொட்டைமாடியில் ப்ரீத்தி பாட்டீல் 2002-இல் தோட்டம் தொடங்கினார். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அவியளும் கரும்புக்கடைக்காரன்கிட்டதான் வாங்குனாவளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று தக்காளி விதைப்பு. மீன்காரர்களின் பழைய தெர்மாகோல் பெட்டிதான் நாற்றங்கால். மாவுச் சல்லடையில் சலித்த மண்ணைத் தட்டி, ஊதுபத்திக் குச்சியால் கோடு கிழித்தார். விரலிடுக்கிலிருந்து விதைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு கோட்டில் இருபதுக்கு மேல் இராது. "வித்து கனத்துக்கு ரெண்டு பங்கு மண்ணு. அதுக்கு மேல போட்டா மூச்சுமுட்டும்." பிறகு சொம்பில் விரலை நனைத்து, தீர்த்தம் தெளிப்பதுபோல் உதறினார். மேலே ஈரச் சாக்கு. ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முளை தெரிந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் தேடி நூல்போல நீண்டு ஒடிந்துவிடும். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நடலாம். மிளகாய்க்கு நாற்பது நாள் பொறுமை வேண்டும்.

என் ஆடிக் கதையைச் சொன்னதும் ஆச்சி சிரித்தார்.

"நானும் மொத அஞ்சு வருசம் ஆடில வெதச்சு ஆடிலயே அழுதவதான்."

அவர் அழுததில் நியாயம் உண்டு. ஜூலை ஒரு மாதத்தில் மும்பையில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. பாளையங்கோட்டையில் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஊர்ப் பட்டம் ஊர் மழைக்கு எழுதியது. ஆச்சி தனக்கென ஒரு பட்டம் எழுதிக்கொண்டார்: மே கடைசியில் புடலை, பீர்க்கு, அவரை, மழை இறங்குமுன் அவை நாலு இலை விட்டிருக்க வேண்டும். ஆடியில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கணபதியைக் கரைத்துவிட்டு வந்து தக்காளி, கத்தரி. தீபாவளிக்கு மல்லியும் வெந்தயமும். எந்த வேளாண் கையேட்டிலும் இவ்வளவு எளிதாக நான் படித்ததில்லை.

மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல தக்காளி கிடைக்கிறதே, அதிலேயே விதை எடுக்கலாமா என்றேன். கூடாதாம். கடையில் வருவது பெரும்பாலும் ஹைபிரிட். பிள்ளை தாயைப்போல் இராது. ஆச்சியின் முதல் விதைகள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த நாட்டு ரகம். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, கொழகொழப்போடு இரண்டு நாள் தண்ணீரில் புளிக்கவிட்டு, அலசி, எவர்சில்வர் தட்டின் முதுகில் நிழலில் உலர்த்துகிறார். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

கூரையிலிருந்து பார்த்தபோது, கீழே எதிர்வீட்டுக் கதவுச் சட்டத்தில் தாராவி மறுகட்டுமானத் திட்டத்தின் கணக்கெடுப்பு எண் சிவப்பில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை ஆச்சி பார்த்தார். "இருவதாவது மாடில கூரை யாருக்குய்யா? இந்த வருசம் வித்து கொஞ்சம் கூடத்தான் எடுக்கேன்." அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

புறப்படும்போது புடலை விதை ஒன்பது கொடுத்தார். ராத்திரி ஊறவைத்து விதைக்கச் சொன்னார். பொட்டலம் கட்டியிருந்தது தினசரி காலண்டரில் கிழித்த தாள். ஏணியில் பாதி இறங்கியவனை மேலிருந்து கூப்பிட்டார்.

"தாள்ல ஆடின்னு போட்டிருக்கும். அதப் பாத்து வெதச்சிராதய்யா."