காற்றுக்கு நிற்கும் குடில்

வாசலில் வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலுக்கு மழையைவிடப் பெரிய எதிரி காற்று. மூன்றடி உயரப் பலகையில் வெட்டி எடுத்த சூசையப்பர், காற்றுக்கு ஒரு பாய்மரம். முதுகில் முக்கோண முட்டு கொடுத்து, அடிக்கட்டையின் மேல் மணல் மூட்டை வைக்காவிட்டால் நள்ளிரவில் குப்புற விழுந்துவிடுவார். கோலார் தங்கவயலில், பழைய லைன் வீடு ஒன்றின் வாசலில் ஆண்டுதோறும் குடில் கட்டும் பெரியவர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஓர் ஆண்டு சூசையப்பரே விழுந்து கற்றுக்கொடுத்தார்.

எழுபது வயதைத் தாண்டிய அவர், பூமிக்கடியில் டிம்பர் வேலை பார்த்தவர். குடைந்த பாதையின் கூரை சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் மரக்கால் நிறுத்தி, மேலே உத்தரம் ஏற்றி, இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். மரம் அப்படியில்லை. ஒடிவதற்கு முன் முனகும். அந்த முனகலுக்குக் காது கொடுக்கப் பழகுவதுதான் தொழிலின் முதல் பாடம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. வேலை போயிற்று, உளியும் ரம்பமும் கையில் மிஞ்சின. தமிழ் பேசும் அந்த ஊரில் அடுத்த தலைமுறைக்குச் சோறு போடுவது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூர். பெரியவரின் இளைய மகன் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, இருட்டிய பிறகு திரும்புகிறார். மூத்தவர் அந்த அலைச்சல் வேண்டாமென்று பெங்களூரிலேயே குடியேறிவிட்டார்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் குடில் செட்டாகவே கிடைக்கிறது. வாங்கி வந்து வைத்தால் பத்து நிமிட வேலை. பெரியவருக்கோ டிசம்பர் முதல் வாரம் முழுவதும் வேண்டும். கோலார் பக்கம் யூகலிப்டஸ் கம்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு கால், ஒரு உத்தரம் என்று மூன்று சட்டங்கள்; மொத்தம் 9 கம்பு. காலின் தலையில் குழி செதுக்கி, அதில் உத்தரம் உட்காருகிறது. மூட்டில் ஆணி கிடையாது, ஆப்புதான். மேலே சரிவாகக் கூரை, அதன்மேல் வைக்கோல். தெருவில் போகிறவர்களுக்கு அது மாட்டுக் கொட்டகை. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பார்த்த மாத்திரத்தில் வேறொன்றை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதில் தவறொன்றும் இல்லை. லூக்கா எழுதியது தீவனத் தொட்டியைப் பற்றி மட்டுமே. மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களின் பிறப்புக் கதையில் இல்லை. பெத்லகேமில் பிறப்பிடம் என்று வணங்கப்படுவது கோவிலுக்கு அடியில் இருக்கும் ஒரு குகை. யாத்திரிகர்கள் படியிறங்கித்தான் போக வேண்டும். பூமிக்கடியில் பிறந்த பிள்ளைக்குச் சுரங்கச் சட்டம் பொருந்தாதா என்ன?

உருவங்கள் பிளைவுட்டில். பழைய வாழ்த்து அட்டைப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, பலகையில் பத்து சென்டிமீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டைப் பெயர்த்தால் படம் பத்து மடங்காகிவிடும். வெட்டிய ஓரங்களில்தான் ஈரம் ஏறும் என்பதால் அங்கே பிரைமர் இரண்டு பூச்சு. கரையானுக்குப் பயந்து கால்களுக்கு அடியில் செங்கல். வைக்கோலுக்குப் பக்கத்தில் சூடேறும் பல்பு ஆபத்து என்பதால் ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துசேர்ந்த ஊருக்கு இது குறைவுதான். ஆனால் ரயிலிலிருந்து இறங்கி இருட்டில் நடந்து வருகிறவர்களுக்கு அது போதும்.

குடிலை வீட்டுக்குள் வைக்கலாமே என்று மருமகள் ஒருமுறை கேட்டதுண்டு. பெரியவர் சம்மதிக்கவில்லை. 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி நகர பிரான்சிஸ், வைக்கோல் பரப்பிய தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். பாலன் பிறந்த ஏழ்மையை ஊர் மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. குடில் தெருவுக்குச் சொந்தம் என்பது பெரியவரின் கட்சி. சத்திரத்தில் இடமில்லை என்று வெளியே நின்றவர்களுக்குக் கட்டுவதை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைப்பதா?

தொட்டி 24ஆம் தேதி நள்ளிரவு வரை காலியாகவே இருக்கும். அந்த நாட்களில் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள்: "தாத்தா, குழந்தை எங்கே?" இன்னும் வரவில்லை என்பார்.

இப்போது அவருக்கே ஒரு கேள்வி வந்திருக்கிறது. பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று மூத்த மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்றாவது மாடி, நாலடி அகல பால்கனி. கால் ஊன்ற மண் இல்லை. முழங்கால் வலி மட்டும் மகனின் பக்கம் பேசுகிறது. பெரியவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றுவது வழக்கம். எந்தக் கம்பு எங்கே போகும் என்று இத்தனை ஆண்டுகளாக அவர் குறித்துவைத்ததே இல்லை. கைக்குத் தெரியும். இந்த முறை கம்பு ஒவ்வொன்றின் முனையிலும் கறுப்புப் பெயின்டில் எண் எழுதினார். இளைய மகனின் பையன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு, 7ஆம் எண் எங்கே நிற்கும் என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்வரிசையில் இடதுபக்கத்துச் செங்கல்லைக் காட்டினான்.

"ஆப்பை எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பே?" என்றார் பெரியவர்.