விட்டுப்போன இரண்டு கட்டை

மலேசியத் தமிழர் பேச்சில் ‘கட்டை’ என்னும் சொல்லுக்குத் தனியானதொரு பொருளுண்டு. சாலையோரத்து மைல்கல்லை நம் முன்னோர் அவ்வாறே அழைத்தனர். கிலோமீட்டர் வழக்கிற்கு வந்து பல்லாண்டுகள் ஆகியும், நான்காங்கட்டை, ஏழாங்கட்டை என்று இடங்களைக் குறிக்கும் பழக்கம் போர்ட்டிக்சன் கடற்கரையில் இன்னும் மறையவில்லை. அக்கட்டைகளைக் கால்களால் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஐம்பத்து மூன்றாம் அகவையில் கிட்டியது.

இனிப்புநீர் கண்டிருப்பதால் நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். பள்ளித் திடலையே சுற்றிச் சலித்திருந்த வேளையில், வேல்ஸ் நாட்டைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தேன். அந்நாட்டார் தம் கடற்கரை முழுவதையும் 870 மைல் நீளமுள்ள நடைபாதையாக இணைத்து 2012ஆம் ஆண்டில் திறந்தனர். அதனை ஒரே மூச்சில் நடப்போர் சிலரே. விடுமுறைதோறும் சில மைல் நடந்து, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குவோர் பலர். நானும் மணல் உள்ள இடத்தில் மணலிலும், இல்லாத இடத்தில் சாலையோரத்திலுமாகப் போர்ட்டிக்சனிலிருந்து மலாக்கா வரை நடப்பதென்று முடிவு செய்தேன். தொடங்கிய இடம், நிறுத்திய இடம், நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

முதல் கட்டம் தெலுக் கெமாங்கில் முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் தஞ்சோங் துவான் முனைக்கு ஏறினேன். நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் அம்முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் முதலில் விளக்கேற்றிய அவ்விடத்தில் இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டினது. அது மார்ச் மாதம். சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் களைத்துத் தாழ்வாக வந்து, முனையின் வெப்பக்காற்றில் வட்டமிட்டு மீண்டும் உயர்ந்தன. அவையும் கட்டம் கட்டமாகவே செல்கின்றன என்றெண்ணி மகிழ்ந்தேன்.

மூன்றாம் கட்டத்தில்தான் தவறினேன். பாசீர் பாஞ்சாங்கைக் கடந்ததும் பெருமழை பிடித்துக்கொண்டது. அவ்வழியே வந்த அன்பர் ஒருவர் தம் காரில் ஏற்றி, இரண்டு கட்டை தொலைவைக் கடந்து, லிங்கி ஆற்றுப் பாலத்தருகே இறக்கிவிட்டார். வீட்டிற்கு வந்ததும் குறிப்பேட்டில், ‘பாசீர் பாஞ்சாங் முதல் லிங்கிப் பாலம் வரை நடந்தேன்’ என்றே எழுதினேன். இரண்டு கட்டைதானே, யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த விடுமுறையில் பாலத்திலிருந்து தொடங்கி, 1757இல் டச்சுக்காரர் கட்டிய கோலா லிங்கிக் கோட்டையின் செம்பாறைச் சுவர்களைக் கண்டு, தஞ்சோங் பிடாரா வரை மகிழ்ச்சியோடு நடந்தேன்.

அதன்பின் ஒருநாள், மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க ஒரு தந்தை பள்ளிக்கு வந்தார். பாரத்தை நீட்டினேன். அவர் அதை என் பக்கமே திருப்பி வைத்து, “நீங்களே எழுதிடுங்க ஐயா. என்னைத் தெரியலையா? தோட்டத்துப் பள்ளியில உங்ககிட்டப் படிச்சவன்தான்” என்றார்.

தெரிந்துவிட்டது. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் எனக்கு வாய்த்த மூன்றாம் ஆண்டு வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் அவர். உயிர்மெய் எழுத்துகளிலேயே அவன் தடுமாறினான். எழுத்தில் தடுமாறும் பிள்ளையை அந்த இடத்திலிருந்தே தொடங்கிக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்தவன்தான் நான். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் அவனை அப்படியே நான்காம் ஆண்டிற்கு அனுப்பினேன். என் பதிவேட்டில் பாடம் முடிந்தது என்றுதான் இருந்தது.

பாரத்தை நான் எழுதி முடித்தேன். மாலையில் வந்தால் எழுதப் படிக்கச் சொல்லித் தருவதாகக் கூறினேன். அவர் சிரித்தார். “எனக்கு வயசாயிடுச்சுங்க ஐயா. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க, போதும்.” அச்சிரிப்பில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருக்கும்.

அவ்வாரச் சனிக்கிழமை, பாசீர் பாஞ்சாங்கில் காரில் ஏறிய அதே இடத்திற்குச் சென்று இறங்கினேன். பாலத்தை நெருங்க நெருங்கச் சதுப்புநிலக் காட்டின் மணம் எழுந்தது. சேற்றில் தாவும் மீன்கள் வேர்களின்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தன. காரின் கண்ணாடிக்குள்ளிருந்து இவற்றுள் எதையும் நான் கண்டதில்லை. ஒருமணி நேரத்திற்குள் பாலம் வந்துவிட்டது.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய நாளை எழுதினேன். மலாக்காவை இனிமேல்தான் அடைய வேண்டும். பாதை அங்கேயே கிடந்தது. எத்தனை மாதம் கழித்துச் சென்றாலும் விட்ட இடத்தைக் காட்டியது. மூன்றாம் ஆண்டின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அவ்வாறு காத்திருப்பதில்லை. இப்போது வாரம் மூன்று நாள், பள்ளி முடிந்தபின், தடுமாறும் பிள்ளைகளோடு ஒருமணி நேரம் அமர்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: “எங்கே நின்றாய், கண்ணு?”