சேற்றில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சிட்டா அடங்கல்

நாகூருக்கு வருகிறவர்கள் தர்கா மினாராவைப் பார்ப்பார்கள், வாடா வாங்கித் தின்பார்கள், கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். ஊர் ஓரமாக வெட்டாறு கடலில் கலப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. காவிரித் தண்ணீருக்கு இது கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல். வராவிட்டால் கடல் மெதுவாக உள்ளே ஏறும், நிலத்தடி நீர் கரிக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் மெதுவாக ஏறவில்லை. சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொன்றது. தண்ணீர் வடிந்த பிறகு வயல்களில் உப்பும் கடல் சேறும் தங்கின. மழைநீரைத் தேக்கி வடித்தார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். உப்பு மண்ணில் எது உயிரோடு இருக்கும் என்ற கேள்வி அன்றைக்கு டெல்டா விவசாயிக்குச் சோற்றுப் பிரச்னை.

அதே 2004-ல், சுனாமிக்குச் சில மாதங்கள் முன்னால், பாக்டீரியாக்களுக்குப் பெயர் வைப்பதற்கென்றே நடக்கும் ஒரு சர்வதேச ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.லோகநாதன், சுதா நாயர் எழுதியது. நாகூரிலிருந்து கடற்கரையோரமாகவே காரைக்கால், சீர்காழி வழியாக வடக்கே போனால் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். அங்கே சதுப்பு நிலக் காட்டில் உப்புத் தண்ணீரிலேயே ஒரு காட்டு நெல் வளர்கிறது. போர்ட்டெரேசியா என்று பெயர். அதன் வேரிலும் தண்டிலும் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 3 சதவீத உப்பில் அது வளரும். அதாவது கிட்டத்தட்ட கடல்நீர். அந்த உப்புக்கு நடுவிலும் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்கும், கரையாத பாஸ்பேட்டைக் கரைக்கும்.

அது இதுவரை யாருக்கும் தெரியாத புது இனம், புதுப் பேரினமும் கூட என்றார்கள். வைத்த பெயர் ஸ்வாமிநாதானியா சாலிடாலரன்ஸ். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் பெயர் முன்னால், உப்பைத் தாங்குவது என்ற அர்த்தம் பின்னால்.

இங்கேதான் ஒரு கேள்வி. அது புதுசு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குச்சி மாதிரி ஒரு பாக்டீரியா. குச்சி மாதிரி பாக்டீரியா உலகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. யானையையும் எலியையும் பார்த்தவுடனே வேறு வேறு என்று சொல்லிவிடலாம். பாக்டீரியாவுக்குத் தந்தமும் கிடையாது, வாலும் கிடையாது. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்தச் சாயம் ஏறுகிறது என்று பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யார் எவர் என்று ஓரளவு பிரிக்க முடிந்தது. யாருக்கு யார் சொந்தம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

உ.வே.சாமிநாதையர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, வரி வரியாக ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்தார். ஏடு எழுதுகிறவர் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுக்கிறவரும் அதையே எழுதுவார். ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிழைகளை வைத்தே ஏடுகளுக்கு வம்சாவளி போட்டுவிடலாம்.

உயிர்களுக்கும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறை. பாக்டீரியா, நெல், மாடு, மனிதன் எல்லாருக்கும் இது வேண்டும். பாக்டீரியாவில் அதன் சின்னப் பாதிக்குள் 16எஸ் என்ற ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது. சுமார் 1,500 எழுத்து நீளம். பட்டறையே இதை நம்பி ஓடுவதால் இதில் கண்டபடி மாற்றம் வந்தால் உயிர் பிழைக்காது. அதனால் சில பகுதிகள் கோடிக்கணக்கான வருஷமாக அநேகமாக அப்படியே இருக்கின்றன. சில பகுதிகளில் மட்டும் எழுத்துகள் மெதுவாக மாறுகின்றன. மாறாத பகுதி, எந்த இடத்தை எந்த இடத்தோடு ஒப்பிடுவது என்று காட்டும். மாறிய பகுதி, யார் எப்போது பிரிந்தார்கள் என்று சொல்லும்.

(இந்தச் சின்னப் பாதியின் முப்பரிமாண வடிவத்தை 2000-ல் அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். 2009-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் பிறந்த ஊர் சிதம்பரம். பிச்சாவரம் அங்கேயிருந்து கூப்பிடு தூரம்!)

இந்த ஏட்டை முதலில் உட்கார்ந்து வாசித்தவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வூஸ். அப்போது முழு வரிசையையும் படிக்கும் வசதி கிடையாது. ஆர்.என்.ஏ.வை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, ஃபிலிமில் விழும் புள்ளிகளைப் பார்த்து எழுத்துகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை என்றால் அது பொறுமை. 1977-ல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஒரு குண்டைப் போட்டார்கள். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பார்க்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் பாக்டீரியாவே இல்லை, தனி வம்சம் என்றார்கள். ஆர்க்கியா என்று இன்று படிக்கிறோமே, அதுதான். இவர்களின் சொந்தக்காரர்கள் நாகூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் இருக்கிறார்கள். தண்ணீர் கட்டிய நெல் வயல் சேற்றில் கால் வைத்ததும் குமிழ் குமிழாக வருவதில் இவர்கள் செய்த மீத்தேனும் உண்டு.

சரி, ஏட்டைப் படித்தாயிற்று. ஒப்பிட வேண்டுமானால் மற்ற ஏடுகள் வேண்டுமே? அவை ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் வீட்டுப் பரணில் கிடந்தால் என்ன செய்வது?

அதற்காக வந்தவைதான் ரைபோசோமல் ஆர்.என்.ஏ. தகவல் தளங்கள். வூஸும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் ரைபோசோமல் டேட்டாபேஸ் புராஜெக்ட் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஆர்.டி.பி. வெப்சைட் பரவலாகாத காலம் அது. எஃப்.டி.பி. மூலம் இறக்கிக்கொள்ளலாம், அல்லது ஈமெயில் அனுப்பினால் பதில் வரும். பின்னால் அது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. 2006-ல் அமெரிக்காவிலிருந்து கிரீன்ஜீன்ஸ் வந்தது. 2007-ல் ஜெர்மனியின் பிரேமனிலிருந்து சில்வா, கொரியாவிலிருந்து ஈஸிடாக்ஸான். சில்வா என்றால் லத்தீனில் காடு. பொருத்தமான பெயர்தான். 2020-ல் வந்த அதன் 138.1 பதிப்பில் ரைபோசோமின் சின்னப் பாதியைச் சேர்ந்த வரிசைகள் மட்டும் 90 லட்சத்துக்கு மேல்.

நம்மூர் பாஷையில் சொன்னால் இது நுண்ணுயிர்களின் சிட்டா அடங்கல். எந்த நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேடு இருக்கும் அல்லவா? இங்கே எந்த வரிசை யாருடையது, அது எந்தச் சேற்றில், எந்தக் கடலில், எந்தக் குடலில் கிடைத்தது என்று பதிவு. சர்வே கல் மாதிரி ஒன்றும் உண்டு. புதுப் பெயர் வைக்கிறவர் அந்த உயிருள்ள பாக்டீரியாவையே வேறு வேறு நாட்டில் உள்ள இரண்டு சேமிப்பு நிலையங்களிலாவது ஒப்படைக்க வேண்டும். பிச்சாவரத்து பாக்டீரியா பெல்ஜியத்தில் கென்ட் நகரத்திலும் நம் சண்டிகரிலும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிச்சாவரத்து பாக்டீரியாவின் வரிசையை, பதிவாகியிருந்த வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வினிகர் பாக்டீரியாக்களின் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் தெரிந்திருந்த எந்தப் பேரினத்தோடும் ஒட்டாமல் தனிக் கிளையாக நின்றது. மற்ற சோதனைகளும் ஒத்துப்போன பிறகுதான் புதுப் பெயர். உலகமெங்கும் பலர் தங்கள் வரிசைகளை முன்பே பொதுவில் போட்டிருக்காவிட்டால், சென்னையில் உட்கார்ந்துகொண்டு இது புதுசு என்று சொல்லியிருக்கவே முடியாது.

இந்தத் தளங்களின் இன்னொரு விசேஷம், யாரும் வளர்த்துப் பார்க்காத உயிர்களுக்கும் இங்கே பதிவு உண்டு. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை லேபில் கண்ணாடித் தட்டில் வளராது. 1980களில் நார்மன் பேஸும் அவர் குழுவினரும், வளர்க்காமலே சுற்றுப்புறத்திலிருந்து நேராக வரிசையைப் படிக்கும் வழியைக் காட்டினார்கள். நெல் வயலிலேயே ஒரு உதாரணம் உண்டு. நெல் வேரில் மீத்தேன் செய்யும் ஒரு கூட்டத்துக்கு 'ரைஸ் கிளஸ்டர் 1' என்று பெயர் வைத்திருந்தார்கள். பல வருஷம் அவர்களுக்கு வரிசை மட்டும்தான் இருந்தது, ஆள் கிடையாது. ஜப்பானில் ஒரு நெல் வயல் மண்ணிலிருந்து அதில் ஒன்றை வளர்த்து, 2008-ல் மெத்தனோசெல்லா என்று முறைப்படி பெயர் வைத்தார்கள். பதிவேட்டில் பெயர் இருந்ததால்தான் இன்னாரைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேட முடிந்தது.

எல்லாம் பொன் என்று சொல்ல முடியாது. அடங்கலில் பெயர் தப்பாக ஏறினால் எத்தனை அலைச்சல்? இங்கேயும் தப்புப் பெயரோடு கிடக்கும் வரிசைகள் உண்டு. இரண்டு உயிர்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு உயிரைக் காட்டும் வரிசைகளும் உண்டு. 16எஸ்-க்கே எல்லையும் இருக்கிறது. சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால் வேறு இனமாக இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆந்த்ராக்ஸ் கிருமியையும், சோற்றைக் கெட்டுப்போக வைக்கும் பேசில்லஸ் சீரியஸையும் 16எஸ் மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். அதற்கு முழு ஜீனோம் வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை, பதிவேட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது. தப்புகளைத் திருத்த ஆள் வேண்டும், சர்வருக்குப் பணம் வேண்டும். புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயர் கிடைக்கும். பழைய பதிவைச் சுத்தம் செய்கிறவருக்கு என்ன கிடைக்கும்? கிரீன்ஜீன்ஸ் 2013-க்குப் பிறகு பல வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் அதையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2022-ல்தான் கிரீன்ஜீன்ஸ்2 வந்தது. முன்னோடியான ஆர்.டி.பி. வெப்சைட்டே கடைசியில் நின்று போனது. அது செய்து கொடுத்த மென்பொருளை மட்டும் இன்னும் பலர் உபயோகிக்கிறார்கள். இந்தியாவில் உயிரியல் தகவல்களுக்கென்று ஃபரிதாபாத்தில் ஒரு தேசியக் களஞ்சியம் 2022-ல் திறக்கப்பட்டது.

டெல்டாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து, விதைநெல்லில் புரட்டி விதைப்பது இங்கே விவசாயிகளுக்குத் தெரிந்த வேலை. பாக்கெட்டில் உள்ள கறுப்புப் பொடிக்குள் இருப்பது அசோஸ்பைரில்லம்தானா, வேறு ஏதாவதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வரிசையைப் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் சொல்லலாம். உப்பு வயலுக்கு ஏற்ற நுண்ணுயிர் எது என்று தேடுகிறவருக்கும் அதே வழிதான். ஸ்வாமிநாதானியாவுக்குப் பெயர் வைத்ததாலேயே அது கடைமடை விவசாயியின் கைக்கு வந்துவிடாது. லேபில் நன்றாக வேலை செய்வது வயலில் காலை வாரலாம். ஆனால் யார் என்றே தெரியாத ஒன்றை வயலில் சோதித்துப் பார்த்தும் பிரயோஜனமில்லை. அடுத்த ஊரில் இன்னொருவர் அதே பாக்டீரியாவைக் கண்டுபிடித்தாரா என்று கூடத் தெரியாது.

மைக்ரோபயாலஜி, பயோடெக் படிக்கும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. புராஜெக்டுக்காக மண் எடுத்து, பாக்டீரியா பிரித்து, காசு கொடுத்து 16எஸ் வரிசை வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த வரிசை ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டோடு டிபார்ட்மெண்ட் பீரோவுக்குள் போய்விட்டால், அது பரணில் கிடக்கும் ஏடுதான். ஜென்பேங்க் தளத்தில் சேர்க்கக் கட்டணம் கிடையாது. சேர்க்கும்போது இந்தியா என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் எந்த ஊர், ஆற்று முகத்துவாரமா வயலா, என்ன நெல், எந்த மாதம், மண்ணில் உப்பு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து, உப்பேறிய ஒரு வயலுக்கு என்ன செய்யலாம் என்று யாரோ ஒருவர் தேடும்போது அந்த நாலு வரி அவருக்குக் கிடைக்க வேண்டும்.