வலி ஓரிடம், வேர் ஓரிடம்

நோயை அறிவதோடு நில்லாது, அதன் முதலையும் ஆராய்க என்று வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறியதைப் பல்லாண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறோம். அக்கருத்தின் முழுப்பொருளை எமக்கு உணர்த்தியது எம் இடக்காலே ஆகும்.

முசிறியிலிருந்து திருச்சிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வருபவர் யாம். ஒருநாள் கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் தோன்றிய வலி, பெருவிரல் வரை மின்னலென ஓடியது. வலித்த இடத்தில் தைலம் தடவினோம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் குறையில்லை. ஆயினும் வலி முற்றியது. நாற்காலியில் அமர்ந்து தொழ நேர்ந்த நாளில் எம் கண் கலங்கியதைத் துணைவியார் மட்டுமே அறிவார்.

திருச்சியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் எம்மைக் கிடத்தி, காலை மடக்காது உயர்த்தினார். பாதி உயரத்திலேயே வலி வெட்டி இழுத்தது. பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொன்னார். அது பணிய மறுத்தது.

"காவிரிக்கரைக்காரர் நீங்கள். கடைமடையில் பயிர் வாடினால் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?" என்றார்.

"தலைமதகில்" என்றோம்.

"உங்கள் காலுக்குத் தலைமதகு இடுப்பில் இருக்கிறது" என்றார்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. கருவியோ வலிய காந்தப்புலத்தாலும் வானொலி அலைகளாலும் உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் குறிப்புணர்த்தச் செய்து, நரம்பையும் வட்டையும் படமாக்குகிறது. இதற்கு வழிகண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

எம் படத்தில் இரண்டு வட்டுகள் பிதுங்கியிருந்தன. அறுவைதான் முடிவோ என அஞ்சினோம். மருத்துவர் முறுவலித்தார். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டே ஐந்தாம் நரம்புவேரை நெருக்குகிறது. பெருவிரலின் தளர்ச்சிக்குப் பொருந்துவது அதுவே. மற்றது தலைநரை போன்றது என்றார். 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருள் 52 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. மூலத்தோடு உரை பொருந்த வேண்டுவதுபோல், படத்தோடு உடற்குறி பொருந்துதல் வேண்டும். படம் மட்டும் தீர்ப்பாகாது.

எமக்கு அறுவை தேவைப்படவில்லை. உடற்பயிற்சியும் பொறுமையும் மெல்ல மெல்ல விரலை நிமிர்த்தின. எனினும் பெரியோர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம்: சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் மேன்மேலும் தளர்ந்தாலோ ஒருநாளும் தாமதித்தல் ஆகாது.

சில திங்கள் கழித்து ஒரு வைகறையில் மீண்டும் தரையில் அமர்ந்து தொழுதோம். அன்றும் கண் கலங்கியது. அதன் முதலை ஆராய மருத்துவர் எவரும் தேவைப்படவில்லை.