ஆர்டர் நோட்டின் பின்பக்கம்

ஆடி 2

காலையில் எழுந்ததும் இடது காது அடைத்த மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், விடவில்லை. எட்டு மணிக்குப் போன் வந்தது. வழக்கம்போல இடது காதில் வைத்தேன். பேச்சே இல்லை, லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை ஏதோ தோன்றி வலது காதுக்கு மாற்றினால் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கிறார்: "ஏனுங்க, ஆர்டர் வேண்டாம்னா சொல்லிப்போடுங்க, எதுக்குக் கட் பண்றீங்க?"

மூன்றாம் வெள்ளிக்கு நாலு பாக்ஸ், ரெண்டு மைக், சீரியல் செட். அதை நோட்டின் முன்பக்கத்தில் எழுதியாச்சு. இதை யாரும் புரட்டாத பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆடி 3

மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அழுக்கு இளகினால் சரியாகிவிடுமாம்.

காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி.

ஆடி 5

மெயின் ரோட்டைக் கடக்க நின்றேன். ஆத்தூர் பஸ் ஒன்று போனது. வலப்பக்கம் பார்த்தேன், காலி. காலை எடுத்து வைத்த பிறகு சட்டையில் காற்று அடித்தது. இடப்பக்கமிருந்து வந்த லாரி ஒரு கை தூரத்தில் போனது. ஹாரன் அடித்திருக்கிறான், கடைக்காரர் சொன்னார். எனக்கு அந்த ஹாரன் எங்கோ தூரத்தில், வலப்பக்கம், கோதண்டராமர் கோயில் இருக்கும் திசையில் கேட்டது.

வீட்டில் சொல்லவில்லை. நாளைக்கு டாக்டர்.

ஆடி 6

சேலம் போய் வந்தேன். நடந்ததை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை என்றார். பிறகு மேஜையிலிருந்து ஓர் இரும்புக் கவையை எடுத்து முழங்கையில் தட்டி, அதன் காலை என் நெற்றியின் நடுவில் வைத்தார். 512 என்று அதில் பொறித்திருந்தது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ டி.வி. மெக்கானிக் படித்தபோது இதைப் பார்த்திருக்கிறேன். "எந்தப் பக்கம் கேட்குது?" என்றார். "வலப்பக்கம்ங்க" என்றேன். இன்னொரு தடவை தட்டி வைத்தார். "நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க." வலப்பக்கம்தான்.

அவர் கவையைக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு விளக்கினார். வெறும் அடைப்பாக இருந்தால் அந்தச் சத்தம் அடைத்த காதுப்பக்கம்தான் பெரிதாகக் கேட்குமாம். நல்ல காதுக்குப் போகிறதென்றால் கோளாறு உள்காதில், நரம்பில். சில பேருக்குக் காரணமே தெரியாமல் மூன்று நாளுக்குள் இப்படி ஒரு காது இறங்கிவிடும். முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் வாய்ப்பு உண்டு. எத்தனை வாய்ப்பு என்று கேட்டேன். "பாதிப் பேருக்கு ஓரளவு திரும்புது" என்றார்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். கனமாக, இறுக்கமாக, வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் அமைதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்காகத்தான் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தபோது பட்டன் வேர்வையில் வழுக்கியது.

தாளில் வலது காதின் சிவப்பு வட்டங்கள் மேலே ஒரே வரிசை. இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் 70-ல் தொடங்கி 85-க்கு இறங்கியிருந்தன. வாழ்நாளெல்லாம் டெசிபலோடு குடும்பம் நடத்தியவன் நான். அந்தத் தாளை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆடி 8

ஸ்டீராய்டு, காலையில் ஆறு மாத்திரை. தூக்கம் போய்விட்டது, பசி அடங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துத் துடைத்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பெரிய தெம்பு. விடிந்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆடி 11

கோயில் ஆர்டர். நாலு பாக்ஸில் ஒன்றில் உறுமல். ஹம் வந்தால் நான் நடுவில் நின்று கண்ணை மூடுவேன், எந்தப் பாக்ஸ் என்று கை தானாக நீளும். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். இன்று நின்றேன். உறுமல் கேட்கிறது, வயிற்றில்கூடத் தெரிகிறது, ஆனால் அது எங்கேயும் இல்லை. என் தலைக்குள் வலது ஓரத்தில் ஓர் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு பாக்ஸாகப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். கூட வேலை செய்யும் பையன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது பாக்ஸின் ஒயர் கரண்டு ஒயரோடு சேர்ந்து ஓடியிருந்தது.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முப்பத்துநாலு மீட்டர் தள்ளிக் கட்டிய பாக்ஸின் சத்தம் பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கைக்கு வரிசையாகக் கட்டும்போது இதைப் பார்த்துத்தான் கட்டுவோம். அதே கணக்கு என் மண்டைக்கு: காதுக்கும் காதுக்கும் ஒரு சாண். நேர் இடப்பக்கச் சத்தம்கூட வலது காதுக்குப் பிந்தி வருவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதை அளந்துதான் மூளை 'அதோ, அந்தப் பக்கம்' என்று சொல்லிவந்திருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷம் எனக்குள் இருந்த இந்த மீட்டரைப் போன பிறகுதான் பார்க்கிறேன்.

ஆடி 12

கோயிலுக்கு நடந்து போகும்போது அவள் என் வலப்பக்கம் வந்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இடப்பக்கம்தான்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. காதுச் சவ்வு வழியாக இரண்டாவது ஊசி. அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது.

ஆடி 24, ஞாயிறு

அக்கா வீட்டு மாடியில் பையன்களின் ஹெட்போன் கூட்டம். பெங்களூரிலிருக்கும் அக்கா மகன் ஏற்பாடு. சேலம், நாமக்கல், ஆத்தூர், ஈரோடு, ஆக மொத்தம் பதினோரு பேர். ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதைக் கொண்டுவந்து ஜமுக்காளத்தில் பரப்பி, மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அக்கா தட்டுவடை செட் போட்டு ஏற்றிக்கொண்டே இருந்தாள். "மாமா வந்தாத்தான் ஆம்ப்ளிஃபயர் பத்தி ஒழுங்காப் பேச ஆளுங்க" என்று அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காது விஷயம் அவனுக்குத் தெரியாது. போகக் கூடாதென்றுதான் இருந்தேன். போனேன்.

முதலில் கொடுத்தது சென்ஹைசர் எச்டி 600. 1997-ல் வந்த மாடல், இன்னும் செய்கிறார்கள். முதுகு மூடாமல் வலை மாதிரி இருக்கிறது, வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது வெளியே வரும். 300 ஓம், போனில் நேராகச் செருகினால் சோர்ந்துதான் பாடும், ஆம்ப் வேண்டும். காதுக்கு மெத்தென்று உட்கார்ந்தது. அன்றைக்கு டாக்டரின் கண்ணாடி அறையில் மாட்டியதன் இறுக்கம் ஞாபகம் வந்து கை ஒரு நொடி நின்றுவிட்டது.

போட்ட பாட்டு நான் ஆயிரம் கல்யாணத்தில் போட்டது. தொடங்க வேண்டிய இடத்தில் கிடார் தொடங்கவில்லை. பாடகி வந்தாள், தபலா வந்தது, வயலின்கள் வரவேண்டிய இடத்தில் ஓட்டை. பையன்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அருமைப்பா" என்றேன். அடுத்த ஆள் பக்கம் திரும்பினார்கள்.

யாரும் பார்க்காதபோது ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இடது கூடு வலது காதில். கிடார் வந்துவிட்டது, வயலின்கள் வந்துவிட்டன. இப்போது தபலாவைக் காணோம். பாடகி மட்டும் இரண்டு தடவையும் இருந்தாள். மறுபடி திருப்பினேன், மறுபடி. ஒரே பாட்டு எனக்கு இரண்டு பாட்டாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் இடம்தான் என்னிடம் இல்லை.

"அண்ணா, எல் ஆர் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றான் நாமக்கல் பையன். "ஆமாப்பா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பட்டறைக்காரர் மகன் ஒருவன் வந்திருந்தான். தங்கள் பட்டறையிலேயே வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, நாலு புரியாகப் பின்னி, ஹெட்போனுக்கு ஒயர் செய்திருக்கிறான். வெள்ளி தாமிரத்தைவிடச் சுமார் ஆறு சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும், அது உண்மை. ஒன்றேகால் மீட்டர் ஒயரில் அந்த ஆறு சதவீதம் காதுக்கு வந்து சேராது, அதுவும் உண்மை. அவனிடமே சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தப் பின்னலை விரலால் உருட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் தடிமன் மாறவில்லை. பின்னிய அவன் பாட்டிக்குச் சங்கிலி கோர்த்த கையாம். இன்று அங்கிருந்த பொருள்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஈரோட்டுப் பையனுக்குப் பழைய கதையெல்லாம் தெரிகிறது. 1910-ல் அமெரிக்காவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பிய ஹெட்போனில் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான். காதுக்குக் காது வேறு சத்தம் தரும் ஹெட்போனை 1958-ல் ஜான் காஸ் கொண்டுவந்தார். ஸ்டீரியோ யோசனை அதற்கும் முந்தியது. லண்டனில் ஆலன் ப்ளூம்லைன் என்ற எஞ்சினியர் சினிமா பார்க்கப் போனாராம். திரையில் ஆள் ஒரு பக்கம் நடக்கிறான், குரல் வேறொரு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது அவருக்குப் பொறுக்கவில்லை, 1931-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார். எனக்கு அந்த மனிதரோடு பேச வேண்டும் போலிருந்தது. பொறுக்க முடியாததுதான். ஆள் ஓர் இடம், குரல் ஓர் இடம்.

பிறகு அவனே, "அண்ணா, இது உங்க ஊர்ச் சரக்கு, கேளுங்க" என்று ஒன்று போட்டான். 'மந்திரி குமாரி'. 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, ஜி. ராமநாதன் இசை. மனைவியைத் தள்ளிவிட மலையுச்சிக்குக் கூட்டிப்போகும்போது வருகிற அந்தப் பாட்டு, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். அந்த ஸ்டூடியோவில் இன்று ஏற்காடு ரோட்டோரம் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. அப்பாவிடம் அந்த இசைத்தட்டு இருந்தது. ஓரத்தில் ஒரு கீறல், அந்த இடத்தில் ஊசி தட்டும்.

லோகநாதன் தொடங்கினார். ஓட்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாத்தியங்கள் எல்லாம் இருந்தன. ஜிக்கி வந்தார், அவரும் முழுசாக. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். அப்படியே இருந்தது. கடைசிவரை ஒன்றும் குறையவில்லை. அந்தப் பதினோரு பேருக்கு என்ன கேட்டதோ அதுதான் எனக்கும் கேட்டது.

கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் குழாயில் முகம் கழுவினேன். அக்கா மகன் பின்னாலேயே வந்தான். துண்டை நீட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எந்தக் காதுங்க மாமா?"

சொன்னேன். என் போனை வாங்கி என்னவோ தேடினான். "செட்டிங்ஸ்ல மோனோன்னு ஒண்ணு இருக்குதுங்க மாமா. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே காதுல குடுத்துரும்." போட்டுக் கொடுத்தான். போன வருஷம் இதே பையன்தான், "உங்க செட்டு இன்னும் மோனோதாங்களா மாமா?" என்று கேட்டான். இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். இன்று அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் கம்மியது.

ஆடி 25

நேற்று அவனுக்கு விளக்கியிருக்க வேண்டும். போன வருஷமே விளக்கியிருக்கலாம், கோபத்தில் வாய் வரவில்லை.

பந்தலில் மோனோதான் கட்டுவோம். எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே சிக்னல். என் மிக்சரில் ஸ்டீரியோ இருக்கிறது, போடுவதில்லை. போட்டால் நடுவில் நாற்காலி கிடைத்த பத்துப் பேருக்குத்தான் பாட்டு. இடது ஓரத்தில் தூணுக்குப் பக்கத்தில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவிக்குப் பாதி வயலின் வராது. அப்பா முதல் நாளே என்னைப் பந்தலின் ஒவ்வொரு மூலையிலும் நிற்கவைத்து, "கேட்குதாடா?" என்று நடுவிலிருந்து கத்துவார். எல்லா மூலையிலிருந்தும் "கேட்குதுங்கப்பா" வந்த பிறகுதான் சாப்பிட விடுவார்.

ஆடி 27

மூன்று நாளாக எதுவும் பிடிக்கவில்லை. மாத்திரையைக் குறைத்ததாலாம். பையனைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன்.

ஆடி 30

மறுபடி கண்ணாடி அறை. கனத்த சத்தத்தில் 70 இருந்தது 55. மேலே, 4000-த்தில், அதே 85. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "கீழ்ச் சுருதி கொஞ்சம் வந்திருக்கு" என்றார் டாக்டர். "மீதி?" என்றேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். காது மிஷின் பற்றி அப்போது பேசலாம் என்றார்.

இடது காதில் போனை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது மாதிரி. சொல் தெரியவில்லை. ஆனால் ஆள் இருக்கிறது.

ஆவணி 2

மாசிநாயக்கன்பட்டி, சீர். ரெண்டு பாக்ஸ், ஒரு மைக். அட்வான்ஸ் வாங்கியாச்சு. பையனிடம் சொல்லிவிட்டேன், இனி வேலை செய்யும்போது என் வலப்பக்கம் நிற்கச் சொல்லி. எதற்கென்று கேட்டான். சொன்னேன். "அன்னைக்கு ஹம் வந்தப்பவே தெரியுங்கண்ணா" என்றான்.

ஆவணி 3

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷன் வரை நடந்தோம், அவள் வலப்பக்கம். ரயில் கூவியது. சேலம் பக்கமா, விருத்தாசலம் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளிச்சம் வரட்டும் என்று நின்றோம்.